டெல்லியில் தைமோசின் ஊசி: சீட்டு கையில் வந்ததும் என்ன செய்ய வேண்டும்

“அக்கா, தைமோசின்னு ஒரு இம்யூனிட்டி ஊசி இருக்காமே, டெல்லியில எங்க கிடைக்கும்?”

மாதத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடுகிறது. மலை மந்திரில் தரிசனம் முடிந்து படியிறங்கும்போது கேட்பார்கள், இரவு பத்து மணிக்குப் போனில் கேட்பார்கள். இங்கே ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். ஊர்க்காரர்களுக்கு மருந்து என்றால் என் ஞாபகம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஊரிலிருந்து அப்பாவையோ அம்மாவையோ கல்லீரல் சிகிச்சைக்கோ புற்றுநோய் சிகிச்சைக்கோ இங்கே அழைத்து வந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒரு வகை. இந்தி தெரியாது, எந்தக் கடை நல்ல கடை என்று தெரியாது, மருந்தோ சில ஆயிரம் ரூபாய். இன்னொரு வகை, கரோல் பாக்கிலும் பழைய ராஜிந்தர் நகரிலும் அறை எடுத்துத் தங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், வேலைக்கு வந்து ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள். இவர்களிடம் சீட்டு இருக்காது. யாரோ சொன்னார்கள், போட்டால் சளி பிடிக்காதாம், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சீட்டு உள்ளவர்கள் வரிசையாகப் படியுங்கள். சீட்டு இல்லாதவர்கள் “சீட்டு இல்லாதவர்களுக்கு” என்ற பகுதியைத் தவறாமல் படித்துவிடுங்கள்.

முதலில், இது என்ன மருந்து

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும். பருவ வயதுக்குப் பிறகு மெல்லச் சுருங்கி, வயதானவர்களிடம் பெரும்பாலும் கொழுப்பாக மாறியிருக்கும். அது எதற்காக இருக்கிறது என்றே நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 1961-ல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்தவுடனே தைமஸ் நீக்கப்பட்ட எலிக்குட்டிகள் தொற்றைத் தாங்க முடியாமல் நலிந்து இறப்பதைக் கண்டு சொன்னார். ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை இந்தச் சுரப்பியில்தான் பயிற்சி பெறுகிறது, எது நம் உடம்பு, எது வெளியாள் என்று பிரித்தறியக் கற்றுக்கொள்கிறது. டி செல் என்கிறோமே, அந்த ‘டி’ தைமஸின் முதல் எழுத்து.

1966-ல் ஆலன் கோல்ட்ஸ்டீனும் ஆப்ரகாம் ஒயிட்டும் கன்றுக்குட்டியின் தைமஸிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்து, அதற்குத் தைமோசின் என்று பெயர் வைத்தார்கள். அது பல புரதத் துண்டுகளின் கலவை. அதில் ஒன்றைத் தனியாக எடுத்து, 28 அமினோ அமிலங்கள் கோத்த சரம் என்று 1977-ல் கண்டறிந்தார்கள். அதுதான் தைமோசின் ஆல்ஃபா 1. இன்று மருத்துவர்கள் எழுதுவது பெரும்பாலும் இதைத்தான், அதுவும் ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்ததை.

செயற்கை என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இந்த மருந்தைப் பொறுத்தவரை செயற்கையாகச் செய்ததுதான் நல்லது. விலங்கின் சுரப்பியிலிருந்து எடுத்தால் கூடவே வேறு புரதங்களும் வரும், ஒரு தயாரிப்பு போல இன்னொன்று இருக்காது. ஆய்வகத்தில் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோத்தால் ஒவ்வொரு குப்பியிலும் ஒரே பொருள், ஒரே அளவு. இப்படிக் கோக்கும் முறையை உருவாக்கிய புரூஸ் மெரிஃபீல்டுக்கு 1984-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, சீட்டில் இருப்பது மாட்டுச் சுரப்பியின் சாறா என்று கவலைப்படும் சைவக் குடும்பங்கள் நிம்மதியாக இருக்கலாம். நம் உடம்பிலேயே இருக்கும் ஒரு பெப்டைடின், அதாவது சின்னப் புரதத் துண்டின், நகல் அது.

உடம்புக்குள் அது செய்யும் வேலையை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். கிருமியை முதலில் அடையாளம் காணும் காவல் செல்களின் மேலும் உள்ளேயும் இருக்கும் சில உணர்விகளைத் தூண்டுகிறது. டி செல்கள் முதிர்வதற்கு உதவுகிறது. இன்டர்ஃபெரான் போன்ற வேதிச் செய்திகள் சுரக்க வைக்கிறது. ஊசி போட்ட ஒரு நாளுக்குள் ரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். வழக்கமாக வாரம் இரண்டு முறை போடச் சொல்கிறார்கள்.

சீட்டில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்

எனக்குத் தெரிந்து அதிகம் குழப்பம் நடக்கும் இடம் இது. தைமஸ் பெயரை ஒட்டிப் பல பெப்டைடுகள் இருக்கின்றன.

தைமோசின் ஆல்ஃபா 1 என்பதும் தைமால்ஃபாசின் என்பதும் ஒரே மருந்துதான். பின்னது மருந்துப் பொதுப்பெயர். சாடாக்சின் என்பது உலகில் முதலில் பரவலான பிராண்டு. இந்தியாவில் வேறு பிராண்டுகளும் உண்டு. வழக்கமான குப்பி 1.6 மில்லிகிராம்.

தைமோபென்டின் வேறு. அது ஐந்தே அமினோ அமிலம் கொண்ட துண்டு. தைமுலின் ஒன்பது அமினோ அமிலம் கொண்டது, துத்தநாகம் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

தைமோசின் பீட்டா 4 முற்றிலும் வேறு. 43 அமினோ அமிலம். நோய் எதிர்ப்பைவிடக் காயம் ஆறுவது தொடர்பாகவே அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதன் பெயரைச் சொல்லி ‘டிபி 500’ என்று ஜிம் வட்டாரத்தில் விற்கிறார்கள். விளையாட்டில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இது இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் எசென்டன் கால்பந்துக் கிளப்பின் 34 வீரர்களுக்கு 2016-ல் தடை விதிக்கப்பட்டது இந்தப் பெப்டைடுக்காகத்தான். மாநில அளவில், பல்கலைக்கழக அளவில் விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

கடைக்காரர் “தைமோசின்தானே, இதுவும் அதுதான்” என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆல்ஃபாவா பீட்டாவா, ஒன்றா நான்கா, எத்தனை மில்லிகிராம் என்று சீட்டையும் அட்டைப்பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றுப் பிராண்டு தரலாமா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்ல வேண்டும், கடை சொல்லக் கூடாது.

பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் நான்கு கேள்வி

பெரிய மருத்துவமனையில் மருத்துவரிடம் கேள்வி கேட்க நம் ஆட்களுக்குக் கூச்சம். வெளியூர், வேறு மொழி, வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். ஆனாலும் கேளுங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஓ.பி.டி.யில் மூன்று நிமிஷம் கிடைத்தால் அதற்குள் நான்கையும் கேட்டுவிடலாம்.

எந்த நோய்க்காக இது? இதற்கு வேறு நிலையான சிகிச்சை இருக்கிறதா, இது அதோடு சேர்த்தா, அதற்குப் பதிலாகவா? எத்தனை ஊசி, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு ஆகும்? வேலை செய்கிறதா இல்லையா என்று எந்தப் பரிசோதனையில், எப்போது தெரியும்?

இரண்டாவது கேள்வி மிக முக்கியம். ஹெபடைட்டிஸ் பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். தைமோசின் ஆல்ஃபா 1 பல நாடுகளில் அனுமதி பெற்றதே நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்குத்தான். வழக்கமான முறை 1.6 மில்லிகிராம், வாரம் இரண்டு முறை, ஆறு மாதமோ அதற்கு மேலோ. ஆனால் அந்தக் காலத்துக்கும் இன்றைக்கும் நடுவே டெனோஃபோவிர், என்டெகாவிர் என்ற மாத்திரைகள் வந்துவிட்டன. தினம் ஒரு மாத்திரை, வைரஸை நன்றாக அடக்கி வைக்கும். ஹெபடைட்டிஸ் சி-யில் மாற்றம் இன்னும் பெரிது. சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகளை மூன்று மாதம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முற்றிலும் குணமாகிறார்கள். இரண்டு நோய்க்கும் தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2018 ஜூலை முதல் நடக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் உண்டு.

அதனால் ஹெபடைட்டிஸுக்கு இந்த ஊசி மட்டும் எழுதப்பட்டிருந்தால், “மாத்திரை ஏன் இல்லை?” என்று கேளுங்கள். காரணம் இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டு போடுவது வேறு, தெரியாமல் நகையை அடகு வைத்துப் போடுவது வேறு. மனத்தில் சந்தேகம் இருந்தால், வசந்த் குஞ்சில் கல்லீரலுக்கென்றே இருக்கும் ஐ.எல்.பி.எஸ். மருத்துவமனையில் இன்னொரு கருத்துக் கேட்டுக்கொள்ளலாம். நான் பலரை அப்படி அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம் ஐ.சி.யு. கதை. ரத்தத்தில் தொற்று பரவி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நிலையில் இந்த ஊசியைப் போடுவது உண்டு. உள்ளே தெரிந்தவர் உயிருக்குப் போராடும்போது, வெளியே நிற்கும் குடும்பம் எது சொன்னாலும் வாங்கி வந்துவிடும். அந்த நேரத்தில் யாரும் ஆராய்ச்சி படிக்க மாட்டார்கள், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன். 2013-ல் சீனாவில் 361 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஊசி போட்டவர்களில் 26 சதவீதம் பேரும் போடாதவர்களில் 35 சதவீதம் பேரும் 28 நாளுக்குள் இறந்தார்கள். நம்பிக்கை தந்த எண்தான். ஆனால் அதில் யாருக்கு எது போகிறது என்பதை எல்லோரிடமும் மறைத்து வைக்கவில்லை, கூட்டமும் சிறியது. பிறகு 1,106 பேரை வைத்து, மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாதபடி பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று ஊசியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2025-ல் முடிவு வெளியானது. மருந்து போட்டவர்களில் 23.4 சதவீதம், வெற்று ஊசி போட்டவர்களில் 24.1 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த ஊசியை வாங்க முடியாமல் போன குடும்பங்கள் பின்னால் வருஷக்கணக்கில் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மருந்தகத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர், “அந்த ஊசிக்கு மட்டும் காசு புரட்டியிருந்தால்…” என்று அழுதார். அப்போது அவருக்குச் சொல்ல என்னிடம் இந்த எண்கள் இல்லை. இப்போது இருக்கிறது. உங்கள் மேல் தவறில்லை.

புற்றுநோய் சிகிச்சையோடு துணையாகக் கொடுப்பதும், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் தடுப்பூசி நன்றாகப் பிடிப்பதற்காகக் கொடுப்பதும் சில நாடுகளில் உண்டு. அதை அந்தந்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: இந்த மருந்துக்குச் சீனா, இத்தாலி முதலிய நாடுகளில் நெடுங்கால அனுபவம் இருக்கிறது, அமெரிக்க எஃப்.டி.ஏ. இதை விற்பனைக்கு அனுமதிக்கவில்லை. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்பவர் உங்களிடம் பாதியைத்தான் சொல்கிறார்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்கள்

சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்பு மாற்று செய்தவர்கள் முதலில் வருகிறார்கள். புதிய உறுப்பை உடம்பு தாக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தட்டி எழுப்பும் மருந்து ஆபத்து. மருந்தின் குறிப்பேட்டிலேயே இது எச்சரிக்கையாக இருக்கிறது. முடக்குவாதம், லூபஸ் மாதிரி உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவர்களும் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விஷயத்தில் பாதுகாப்பு உறுதிப்படவில்லை. மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், அவசரத்தில் கேட்க மறந்துவிடுவார்.

எங்கே வாங்குவது

முதலில் சிகிச்சை நடக்கும் மருத்துவமனையின் மருந்தகத்தில் கேளுங்கள். எய்ம்ஸ் நோயாளி என்றால் வளாகத்துக்குள் இருக்கும் அம்ரித் மருந்தகத்தில் இருப்பு உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் பக்கத்தில் யூசுஃப் சராய் கடைகளுக்குப் போக வேண்டும். சி.ஜி.எச்.எஸ். அட்டை உள்ள மத்திய அரசு ஊழியர்களும் ஓய்வூதியர்களும், கையிலிருந்து கட்டுவதற்கு முன் உங்கள் வெல்னஸ் சென்டரில் சீட்டைக் காட்டுங்கள். விலை கூடின மருந்துகளுக்கு அனுமதி நடைமுறை தனி. பில் கட்டிவிட்டுப் பிறகு அலைவது பெரும்பாடு.

யாராவது “பாகீரத் பேலஸ் போனால் பாதி விலை” என்பார்கள். சாந்தினி சவுக்கில் இருக்கும் அந்த மொத்த விற்பனைச் சந்தையில் நல்ல, பழைய, நேர்மையான வியாபாரிகள் இருக்கிறார்கள். ஆனால் புதிதாக வந்தவருக்கு அந்தச் சந்துகளில் எது எது என்று பிரித்தறியத் தெரியாது. குளிர் காக்க வேண்டிய ஊசியை முதல் முறை அங்கே போய் வாங்குவதை நான் ஒப்ப மாட்டேன்.

2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த ஒரு கும்பலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். விலை உயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளைச் சேகரித்து, அதில் மலிவான பூஞ்சைக் கொல்லி மருந்தை நிரப்பி, மூடி போட்டு விற்றார்கள். காலிக் குப்பிகளை எடுத்துக் கொடுத்ததாகக் கைதானவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் இருந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதே வேலையைத்தானே நானும் பார்த்தேன். அதனால் இந்தப் பகுதியில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன்.

பில் இல்லாமல் வாங்கவே கூடாது. கடையில் “பக்கா பில் சாஹியே, பேட்ச் நம்பர் கே சாத்” (பேட்ச் எண்ணோடு முறையான பில் வேண்டும்) என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், டெல்லியில் எல்லா மருந்துக்கும் உதவும். பில்லில் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, கடையின் உரிம எண் இருக்க வேண்டும். பில்லில் உள்ள பேட்ச் எண், அட்டைப்பெட்டியில் உள்ளது, குப்பியின் லேபிளில் உள்ளது, மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். குப்பியின் பிளாஸ்டிக் மூடி அசையக் கூடாது. அடியில் வெள்ளைத் தூள் உலர்ந்த வில்லை மாதிரி இருக்கும், அது ஈரமாகவோ பழுப்பாகவோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். தயாரித்த நிறுவனத்தின் முகவரியும் உற்பத்தி உரிம எண்ணும் அட்டையில் அச்சாகியிருக்க வேண்டும்.

க்யூஆர் குறி இல்லையே என்று சிலர் பயப்படுகிறார்கள். அட்டையில் அந்தக் குறி இருக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் வந்த விதி குறிப்பிட்ட 300 பிராண்டுகளுக்கு மட்டும்தான். குறி இல்லை என்பதாலேயே போலி என்று ஆகிவிடாது. மனம் ஒப்பவில்லை என்றால் அட்டையில் உள்ள நிறுவன எண்ணுக்குப் போன் செய்து பேட்ச் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். உறுதியாகச் சந்தேகம் வந்தால் கர்க்கர்டூமாவில் இருக்கும் டெல்லி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். குப்பியைத் திறக்காமல், பில்லோடு கொண்டு போங்கள்.

முழு ஆறு மாதத்துக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு நான்கு குப்பி போதும். நடுவில் மருத்துவர் நிறுத்தச் சொன்னால் குளிர் மருந்தை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

சீட்டு இல்லாதவர்களுக்கு

தம்பி, தங்கை, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. மாதத்துக்கு ஒரு தடவை காய்ச்சல், நவம்பர் வந்தால் டெல்லிக் காற்றில் இருமல், தேர்வு நெருங்குகிறது, அம்மா பக்கத்தில் இல்லை. இணையத்தில் யாரோ குப்பி விற்கிறார்கள், “ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்” என்று பொடி எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வரியின் அர்த்தம், மனிதர்கள் மேல் போடும் தரத்தில் இதைச் செய்யவில்லை, கிருமி இருக்கிறதா என்று சோதிக்கும் பொறுப்பும் எங்களுக்கு இல்லை என்பது. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. அதை ஊசியில் ஏற்றித் தோலுக்குள் விடாதீர்கள்.

நல்ல உடம்போடு இருக்கும் இளைஞருக்குச் சளி பிடிக்காமல் இருக்க இந்த ஊசி உதவும் என்று காட்டிய ஆதாரம் இல்லை. உங்கள் தைமஸ் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அடிக்கடி காய்ச்சல் வந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைவு என்றால் முதலில் காசநோய்ப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இலவசம், மெஹ்ரோலியில் காசநோய்க்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது. கூடவே ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், எச்.ஐ.வி. பார்த்துவிடுங்கள். இவற்றில் எது இருந்தாலும் மருந்து வேறு. எதுவும் இல்லை என்றால் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டு, மெஸ் சாப்பாட்டில் பருப்பும் முட்டையும் சேர்த்து, ராத்திரி இரண்டு மணிவரை விழிப்பதைக் குறையுங்கள். குளிர்காலப் புகையில் என்95 முகக்கவசம். ஒரு குப்பி தைமோசின் விலையில் இது எல்லாமே முடிந்துவிடும்.

கடையிலிருந்து வீட்டுக்கு

சரி, மருந்தை வாங்கிவிட்டீர்கள். இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. மே மாதத்தில் டெல்லி 45 டிகிரி. ஒரு முறை எங்கள் உறவுக்காரர் ஒருவருக்காக ஒரு கடையில் ஊசி வாங்கினேன். பணம் கொடுத்துவிட்டுக் குப்பியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. “இப்போதுதான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தோம்” என்றார்கள். அங்கேயே திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் உங்கள் கண் முன்னால் ஃப்ரிட்ஜைத் திறந்து எடுக்க வேண்டும். அட்டைப்பெட்டி சில்லென்று இருக்க வேண்டும். இதைப் பார்க்க மருந்தாளர் படிப்புத் தேவையில்லை.

வீட்டிலிருந்தே சின்ன தெர்மோகோல் பெட்டியும் ஜெல் ஐஸ் பையும் கொண்டு போங்கள். ஐஸ் பை குப்பியில் நேரடியாகப் படாமல் நடுவே ஒரு துணி வையுங்கள், உறையக் கூடாது. மெட்ரோவில் வந்தால் பையை ஸ்கேன் செய்யும் இடத்தில் சிரிஞ்ச் தெரியும், சீட்டின் நகல் மேலேயே இருக்கட்டும். இந்தி வரவில்லை என்றாலும் சீட்டு பேசிவிடும்.

வீட்டில் ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில் வையுங்கள். கதவில் வேண்டாம், திறந்து மூடும்போது சூடு மாறும். ஃப்ரீசரில் வேண்டவே வேண்டாம். மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் வரை குளிர் நிற்கும். வாடகை அறையில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், மருந்து என்றால் மறுப்பவர்கள் குறைவு. ஜனவரியில் ஒரு தவறு நடக்கிறது. அறையே குளிராகத்தானே இருக்கிறது என்று குப்பியை மேசையில் வைத்துவிட்டு ஹீட்டர் போடுகிறார்கள். குளிர்காலத்திலும் ஃப்ரிட்ஜ்தான்.

ஊசி போடும் நாள்

முதல் இரண்டு ஊசியை மருத்துவமனையில் அல்லது செவிலியர் கையால் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே கற்றுக்கொண்டு வீட்டில் போடுவது சுலபம். இன்சுலின் போட்டுப் பழகிய வீடுகளில் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

நாட்களை முதலிலேயே குறித்துவிடுங்கள். திங்கள்–வியாழன், அல்லது செவ்வாய்–வெள்ளி. இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு நாள் இடைவெளி வர வேண்டும். காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குப்பியின் ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். மருந்தோடு வரும் 1 மில்லி ஊசி நீரைச் சிரிஞ்சில் எடுத்து, குப்பியின் சுவரோரமாக மெல்ல விடுங்கள். குலுக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை உருட்டுங்கள், கரைந்துவிடும். தெளிந்த நீர் போல இருக்க வேண்டும். கலங்கலோ துகளோ இருந்தால் போடாதீர்கள். கலக்கியதை உடனே போட்டுவிட வேண்டும், பாதியை நாளைக்கு என்று வைக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர், கொதிக்க வைத்த தண்ணீர் எதுவும் ஊசி நீருக்கு மாற்றாகாது. சொல்லத் தேவையில்லை என்று நினைப்பேன், ஆனால் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இது தோலுக்கடியில் போடும் ஊசி. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி, அல்லது தொடையின் முன்பக்கம். தோலை மெல்லக் கிள்ளிப் பிடித்துப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் இடம் மாற வேண்டும். ரத்தக் குழாயில் ஏற்றக் கூடாது. நாற்பது கிலோவுக்குக் குறைவான எடை உள்ள நோயாளிக்கு அளவு எடையைப் பொறுத்துக் குறையும், அதை மருத்துவரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நோயால் மெலிந்த வயதானவர்களில் நாற்பதுக்குக் கீழே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

போட்ட பிறகு

பெரும்பாலானவர்களுக்குப் போட்ட இடத்தில் லேசான எரிச்சல், சிவப்பு, அவ்வளவுதான். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், முகம் வீங்குவது என்றால் நேராக அவசரப் பிரிவு.

ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. சிகிச்சையின் நடுவே கல்லீரல் நொதியான ஏஎல்டி திடீரென்று இரண்டு மடங்குக்கு மேல் ஏறலாம். வைரஸ் புகுந்த செல்களை உடம்பு தாக்கத் தொடங்கியதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் செய்யாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கண் மஞ்சளானால், வயிறு வீங்கினால், பேச்சு குழறினால், தூக்கக் கலக்கம் அதிகமானால் அது வேறு விஷயம், ராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எதிர்பாராத பக்கவிளைவு எதுவானாலும் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம். நாட்டில் மருந்துப் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் திட்டத்தின் எண் அது. நோயாளியே சொல்லலாம், மருத்துவர் வழியாகத்தான் என்றில்லை.

பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் வீசாதீர்கள், குப்பை பொறுக்கும் குழந்தைகளின் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் மருத்துவமனையில் கொடுங்கள். காலிக் குப்பியை அப்படியே விடக் கூடாது. லேபிளைக் கிழித்து, பட்டை மார்க்கரால் குறுக்கே கோடு போட்டு, அட்டைப்பெட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துவிடுங்கள். மருத்துவமனையில் போட்டுக்கொண்டால், “காலிக் குப்பியை என் முன்னால் அழியுங்கள்” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது அப்படிக் கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை.

லேபிளைக் கிழிப்பதற்கு முன் பேட்ச் எண் உள்ள துண்டை ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி, போட்ட இடம், அன்றைய காய்ச்சல் அளவு எழுதுங்கள். சிகிச்சை நடுவில் ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் அந்த நோட்டும் பில்களும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரே பையில் இருக்கட்டும். விமானம் என்றால் மருந்தைக் கைப்பையில் வையுங்கள், சரக்கோடு போட வேண்டாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ ஒன்றரை நாள், ஜெல் பை அவ்வளவு நேரம் தாங்காது. ரயிலில் போகிறவர்கள் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பே சென்னையிலோ மதுரையிலோ மருந்தகத்தில் சொல்லி வைத்து, போய் இறங்கியதும் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். அதே பிராண்டு கிடைக்குமா என்று போனில் கேட்கும்போது 1.6 மில்லிகிராம், ஆல்ஃபா ஒன்று என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்.